கப்பலுக்குப் போய்த் திரும்பிய ஐவி

வெள்ளைக்கல் தோட்டத்து மேல் டிவிசனில் ஐவிக்கு ஒரு விஷயத்திலும் சந்தேகம் வந்து யாரும் பார்த்ததில்லை. விடிகாலையில் எல்லாரையும் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில், மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு இன்ன மலை என்று வாயைத் திறப்பதற்கு முன்பே ஐவி கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஒரு பக்கம் திரும்பி நிற்பாள். பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் வேலை இருக்கும். இல்லாத நாளில், தாம்தான் மாற்றிச் சொல்லிவிட்டோமோ என்று கண்டாக்குக்கே ஒரு யோசனை வந்துவிடும். அவள் நிற்கிற தோரணை அப்படி.

வீட்டிலும் அவள்தான் பெரட்டுக் களம் நடத்துவாள். ஞாயிற்றுக்கிழமை செபமாலை சொல்லி முடிந்ததும் புருஷன் லோரன்சையும், மகள் டோரீனையும், சின்னவன் ரட்ணத்தையும் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றான தங்கள் காம்பராவின் அடுப்படியில் உட்கார வைத்து, வருகிற வாரத்தில் யார் விறகு, யார் தண்ணீர், யார் ஆட்டுக்குப் புல் என்று பிரித்துக் கொடுப்பாள். லோரன்ஸ் இஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், உருளை மெசினடியில் வேலை பார்க்கிறவன். மெசின் சத்தத்தில் பேசிப் பயனில்லை என்று பழகியவன் வீட்டிலும் அதிகம் பேசுவதில்லை. அவனுக்கு வாய்த்த பெண்சாதிக்கு அது தோதாகத்தான் இருந்தது.

ஆனால் எழுபத்தொன்பதாம் வருஷம் மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் அந்தப் பெரட்டு கலைந்து போனது. ஐவி பேசி, எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டாமல் இருந்த முதல் நாள் அதுதான்.

விஷயம் இதுதான். அந்த வருஷம் குடும்பத்தோடு எங்காவது போய்வருவது என்று லோரன்சும் ஐவியும் பேசி வைத்திருந்தார்கள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அட்டன் டவுனைத் தாண்டி நாலு பேரும் சேர்ந்து எங்கேயும் போனதில்லை. லீவும் ஒரு பயணத்துக்குத்தான் கிடைக்கும், கைக்காசும் ஒன்றுக்குத்தான் வரும். அந்த ஒன்று எது என்பதில் லோரன்சுக்குச் சந்தேகமே இல்லை. ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் போடுகிற கார்னிவல். ரட்ணத்துக்கு அம்மை போட்டிருந்தபோது டோரீன் ஸ்கூலுக்கும் போகாமல், விளையாடவும் போகாமல், தம்பியின் பக்கத்திலேயே வேப்பிலையும் கையுமாகக் கிடந்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அதைப் பார்த்து மனம் இளகிப்போய், உன்னைக் கார்னிவலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று லோரன்ஸ் சொல்லிவிட்டான். வாயைத் திறக்காத மனிதன் திறந்து சொன்ன வார்த்தை ஆகையால் டோரீன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு தடவை பஸ்ஸில் போகும்போது அந்தக் கார்னிவலை அவள் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறாள். குளத்துப் பக்கம், மரங்களுக்கு மேலே, பெரிய ராட்டினம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. உச்சியில் ஒரு பெண் சிவப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தாளாம். மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற சத்தம் பஸ்ஸுக்குள்ளேயே கேட்டதாம். அந்த ராட்டினத்தின் உச்சிக்குப் போனால் தன் தோட்டம் தெரியுமா என்பது டோரீனுக்குப் பெரிய கேள்வி. தெரியாது என்று சொன்ன பிள்ளைகளோடு அவள் சண்டை போட்டிருக்கிறாள்.

இப்படி இருக்கையில்தான் அன்றைக்குக் காலைப் பூசையில் சாமியார், கச்சதீவு அந்தோனியார் திருவிழா வருகிறது, போக விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம், கோயிலடியிலிருந்து ஒரு கூட்டமாகப் போகலாம் என்று அறிவித்தார். முந்தின வாரம்தான் இந்தியாவிலிருந்து ஐவியின் தங்கச்சி றோசலின் ஒரு கார்டு போட்டிருந்தாள். இந்த வருஷம் அந்தோனியார் திருவிழாவுக்கு நாங்கள் படகில் வருகிறோம், அக்கா நீயும் வந்தால் பார்க்கலாம் என்று எழுதியிருந்தாள். நடுக்கடலில் கிடக்கிற ஆளில்லாத மணல்தீவு அது. வருஷத்தில் ஒரு தடவை இந்தக் கரையிலிருந்தும் அந்தக் கரையிலிருந்தும் படகுகள் வந்து, ஒரே கோயிலில் கும்பிட்டு, மறுநாள் அவரவர் பக்கம் திரும்பிவிடும். ஐவி பூசை முடிந்து கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் முடிவு பண்ணிவிட்டாள். நாலு பேரின் பெயரையும் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கே வந்தாள்.

செய்தியைக் கேட்ட லோரன்ஸ் அடுப்பில் கிடந்த விறகைத் தள்ளிவிட்டான். பிறகு, கப்பலேறிப் போன ஆள் எவன் இந்தத் தோட்டத்துக்குத் திரும்பி வந்திருக்கிறான், ஒரு பேரைச் சொல்லு பார்ப்போம் என்றான். ஐவியால் மட்டுமல்ல, அந்த லயத்தில் யாராலும் சொல்ல முடியாது. இரண்டு நாடும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்து, தலைமன்னாரில் கப்பல் ஏறினவர்கள் ஏறினவர்கள்தான். அத்தோடு அவனுக்கு இன்னொரு பயமும் இருந்தது. இலங்கைப் பிரசாவுரிமைக்கு எழுதிப் போட்டு இன்னும் கடதாசி கைக்கு வரவில்லை. இந்தியாப் பக்கமாக ஒரு படகில் கால் வைத்தால், நாமாகவே போய்விட்டோம் என்று எவனாவது எழுதி வைத்துவிட மாட்டானா? ஐவி அதற்கெல்லாம் அசரவில்லை. தீவு நம்ம பக்கத்துத் தீவு, சாமியாரே வருகிறார், அவரையும் சேர்த்தா எழுதிவிடப் போகிறார்கள் என்றாள்.

"கார்னிவல் வருசா வருசம் நம்மளத் தேடி மலைக்கு வரும்ங்க. றோசி வருவாளா?"

லோரன்ஸ் மகளைப் பார்த்தான். வாக்குக் கொடுத்தது அவன்தான், ஆனால் இனி பேச வேண்டியது அவள் என்பது போல.

டோரீன் அழுவாள் என்றுதான் ஐவி எதிர்பார்த்தாள். அழுகைக்கு மருந்து அவளிடம் உண்டு. ஆனால் டோரீன் அம்மாவைப் போலவே நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"கார்னிவல் ஏப்ரல்ல வருவேன்னு சொல்லுது, ஏப்ரல்ல வருதும்மா. சித்தி நாளைக்கு வந்துடுவேன்னு சொன்னாங்க. எங்க வந்தாங்க?"

ஐவி கையிலிருந்த செபமாலையை மடியில் வைத்தாள்.

ஏழு வருஷத்துக்கு முன்பு நடந்தது அது. றோசலினின் புருஷன் சூசைரட்ணம் இந்தியாவுக்கு எழுதிப் போட்டிருந்தான், லோரன்ஸ் இலங்கைக்கு எழுதிப் போட்டிருந்தான். அப்படித்தான் அக்காளும் தங்கச்சியும் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். றோசலினுக்குப் பிள்ளை இல்லை. டோரீனை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தவள் அவள்தான். அவர்கள் புறப்பட்ட அன்று அட்டன் ஸ்டேசனில் கால் வைக்க இடமில்லை. இந்தியாக் கோச்சி வந்து நின்றதும் செத்த வீட்டில் போல ஒப்பாரி கிளம்பியது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்ற குழந்தையின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, சித்தி நாளைக்கு வந்துடுவேன், நீ தூங்கி எந்திரிச்சதும் வந்துடுவேன் என்று றோசலின் சொன்னாள். சும்மா பிள்ளையைத் தேற்றுவதற்காகச் சொன்ன வார்த்தை. கேட்டவர்கள் அதை அங்கேயே மறந்துவிட்டார்கள். ஐந்து வயதுப் பிள்ளை மறக்கவில்லை. மறுநாள் எழுந்து லயத்து வாசலில் போய் உட்கார்ந்திருந்தாள். அதற்கு மறுநாளும் உட்கார்ந்திருந்தாள். அந்த உட்காருதல் எப்போது நின்றது என்று இப்போது ஐவி நினைத்துப் பார்த்தாள். ஞாபகத்துக்கு வரவில்லை. அது அவளுக்குச் சுருக்கென்றது.

ராட்டினத்துக்கு ஆசைப்பட்டுத்தான் பிள்ளை அடம்பிடிக்கிறது என்று நினைத்தால், அதற்கு அடியில் கிடந்தது இது. கப்பலுக்குப் போகிறவர்கள் வார்த்தை தவறுகிறவர்கள். கார்னிவல் தவறாதது. டோரீனின் கணக்கு அவ்வளவுதான், அதில் குற்றம் சொல்லவும் ஏதுமில்லை.

ஐவி குரலைத் தாழ்த்திப் பேசினது அபூர்வம். அன்றைக்குத் தாழ்த்தினாள்.

"நான் அந்த மாதிரிச் சொல்ல மாட்டேன். போயிட்டு வந்து இந்த அடுப்ப நாந்தான் பத்த வைப்பேன். இது ஒண்ணு. உங்க சித்தி அங்க வரலைன்னா, அப்புறம் அவ பேச்ச இந்த வீட்டுல நான் எடுக்க மாட்டேன். இது ரெண்டு. போதுமா?"

லோரன்ஸ் திடுக்கிட்டுப் பார்த்தான். தங்கச்சி பேரைச் சொல்லாமல் ஐவிக்கு ஒரு நாள் பொழுது போகாது. சோறு ஆக்கினால் றோசி இப்படி ஆக்க மாட்டாள் என்பாள், மழை பெய்தால் அங்கே றோசிக்கு மழை உண்டோ என்பாள். அதைப் பணயமாக வைத்துவிட்டாள். டோரீன் வெகுநேரம் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றாள். அப்பாவிடம், கார்னிவல் கடன் இருக்குங்கப்பா, மறந்துடாதீங்க என்றும் சொல்லி வைத்தாள். பெண் யாருக்குப் பிறந்தது என்று சந்தேகம் வேண்டியதில்லை.

வீட்டில் தீர்ந்த வழக்கு லயத்தில் தீரவில்லை. ஐவி குடும்பம் கடலுக்குப் போகிறது, அதுவும் இந்தியாப் பக்கம், நாலே நாளில் திரும்பி வரும் என்றால் யார் நம்புவார்கள்? அந்தத் தோட்டத்தில் நிறையப் பேர், ஒப்பாரிக்குப் பயந்து, அட்டன் வரைக்கும் போய்வருகிறோம் என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறியிருக்கிறார்கள். சொல்லாமல் போகிறவர்கள் பேசுகிற மாதிரியேதான் ஐவியும் பேசுகிறாள் என்று எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். ஆளாளுக்கு ஒரு சாக்கு வைத்துக்கொண்டு காம்பராவுக்குள் வந்து சாமான்களை நோட்டம் விட்டார்கள். பூரணி அழுதுகொண்டே வந்து ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தாள். சின்னராசா ஐவியின் மரக்கறித் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, போஞ்சிக்கு நல்ல மண் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே போனான்.

எல்லாரையும்விட மோசம் பக்கத்துக் காம்பரா மீனம்மா. கப்பலுக்குப் போகிறவர்கள் அம்மியையும் உரலையும் கொண்டுபோக முடியாது. அவற்றை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவதுதான் அந்த லயத்து முறை. மீனம்மா வாசலில் வந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஐவியக்கா, அந்த அம்மிய வேற யாருக்கும் சொல்லிறாதீங்க. எனக்குத்தான்."

ஐவிக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் கலந்திருந்தது. போய்வந்து அதில்தான் சம்பல் அரைக்கப் போகிறேன், உனக்கும் ஒரு உருண்டை தருகிறேன் என்றாள். மீனம்மா அதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் அழுதாள்.

அட்டனில் ஏறி, பொல்காவலையில் இறங்கி, யாழ்ப்பாணத்துக் கோச்சிக்காகக் காத்திருந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, கடைசியில் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். மலைக்கு மலை முட்டுகிற ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அந்தக் கடலைப் பார்த்ததும் கண்ணை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று தெரியவில்லை. ரட்ணம் அப்பாவின் சாரத்தைப் பிடித்துக்கொண்டான். மோட்டார்ப் படகான லாஞ்சியில் ஏறின கொஞ்ச நேரத்தில் லோரன்ஸ் காலையில் தின்ற ரொட்டியைக் கடலுக்குக் கொடுத்தான். சாமியாருக்கே முகம் வெளுத்துவிட்டது. ஐவி மட்டும் முன்பக்கத்துப் பலகையில், பெரட்டில் நிற்கிற அதே தோரணையில், இந்தப் பக்கம்தான் போக வேண்டும் என்று லாஞ்சிக்காரனுக்கு வழிகாட்டுகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். டோரீன் அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். அலை லாஞ்சியை உயரத் தூக்கிப் போட்டபோது, ராட்டினமும் இப்படித்தான் இருக்குமாம்மா என்று ஒரு தடவை கேட்டாள். இதைவிட ராட்டினம் எம்மாத்திரம் என்றாள் ஐவி. அவள் ராட்டினத்தைக் கிட்டப் பார்த்ததுகூட இல்லை.

தீவில் இறங்கும்போது மத்தியானம் கடந்திருந்தது. முட்செடியும் மணலும் சின்னக் கோயிலும்தான். குடிக்கத் தண்ணீர் கிடையாது, கொண்டுவந்ததுதான். ஆனால் சனம் நிறைந்திருந்தது. ஓலையையும் பாயையும் மறைப்பாகக் கட்டிக்கொண்டு இரண்டு நாட்டுக்காரர்களும் பக்கம் பக்கமாகச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். சேலையைக் கொடுத்துச் சவர்க்காரம் வாங்குகிறவர்கள், தேயிலையைக் கொடுத்துப் பித்தளைச் சட்டி வாங்குகிறவர்கள் என்று கோயிலைச் சுற்றிலும் பெரிய சந்தை. ஐவி எதையும் பார்க்கவில்லை. இந்தியாப் படகுகள் எந்தப் பக்கம் கரை பிடிக்கும் என்று ஒருவரிடம் கேட்டாள். அவர் தீவின் மறுபக்கத்தைக் காட்டினார். வாடிய ரட்ணத்தோடு லோரன்சை ஒரு மறைப்பில் உட்கார வைத்துவிட்டு, டோரீனை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றுவிட்டாள்.

படகு படகாக வந்தது. ஒவ்வொன்றிலிருந்தும் இறங்குகிற பெண்களின் முகத்தை ஐவி பார்த்துக்கொண்டே நின்றாள். ஏழு வருஷத்தில் மெலிந்திருப்பாள் என்று மெலிந்தவர்களைப் பார்த்தாள், பெருத்திருப்பாள் என்று பெருத்தவர்களைப் பார்த்தாள். கொடியேற்றத்துக்கு மணி அடித்தபோதும் அவள் போகவில்லை. அந்தோனியார் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று சொல்லிவிட்டாள். பொழுது சாய்ந்து, இனிப் படகு வராது என்று கரையில் இருந்தவர்கள் சொன்ன பிறகுதான் திரும்பினாள். மறைப்பில் லோரன்ஸ் சோறு வைத்திருந்தான். ஐவி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். றோசியின் பேரை அவள் சொல்லாததை டோரீன் கவனித்தாள்.

மறுநாள் காலைப் பூசையிலும் தங்கச்சி வரவில்லை. அல்லது அவ்வளவு கூட்டத்தில் தெரியவில்லை. பூசை முடிந்ததும் சனம் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டது. லாஞ்சிக்காரன் வெய்யில் ஏறுவதற்குள் புறப்பட வேண்டும் என்று கூப்பாடு போட்டான். ஐவி மறுபடியும் இந்தியாப் படகுகளின் பக்கம் போய் நின்றாள். இப்போது அங்கே ஆட்கள் இறங்கவில்லை, ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் முகத்தில் டோரீன் அதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாத முகம்.

டோரீன் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். சித்தி வராவிட்டால் தான் சொன்னது சரியென்று ஆகும். சரியென்று ஆவது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது.

"அம்மா, நீங்க ஏன் இங்க நிக்கிறீங்க?"

"உங்க சித்தி இங்கதான எறங்கணும்."

"சித்தியும் உங்க மாதிரிதானம்மா. நீங்க எறங்குற எடத்துலதான நிப்பாங்க?"

ஐவி மகளைப் பார்த்தாள். தோட்டத்தில் ஊரிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் வருகிறவர்கள் லயத்துக்கு வரட்டும் என்று யாரும் வீட்டில் உட்கார்ந்திருப்பதில்லை. பஸ் நிற்கிற றோட்டடிக்கே இறங்கிப் போய், மூட்டையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு கூட்டிவருவதுதான் வழக்கம். ஐவி அந்த வழக்கப்படிதான் இங்கே வந்து நின்றாள். அதே லயத்தில் பிறந்தவள்தானே றோசலினும்?

ஐவி சுதாரித்துக்கொள்வதற்குள் டோரீன் ஓடத் தொடங்கிவிட்டாள். கோயிலைத் தாண்டி, சந்தையைத் தாண்டி, சாமான் கட்டுகிறவர்களை இடித்துக்கொண்டு மறுகரைக்கு ஓடினாள். இலங்கை லாஞ்சிகள் நிற்கிற இடத்தில், வெய்யிலுக்குச் சேலையை முக்காடிட்டுக்கொண்டு, ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பை. முந்தின நாள் காலையிலேயே வந்து, மத்தியானம் வரை வழியைப் பார்த்துவிட்டு, கடும் வெய்யிலில் தலைசுற்றி, புருஷன் நிழலுக்குக் கூட்டிப்போன நேரத்தில் ஐவியின் லாஞ்சி வந்து ஆட்கள் இறங்கிப்போனது அவளுக்குத் தெரியாது. திரும்ப வந்து பொழுது சாயும் வரை நின்றாள். காலையிலும் வந்து நின்றாள். முகம் கறுத்திருந்தது. முன்பல் ஒன்று இல்லை. ஆனால் இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, பிள்ளையைச் சுமந்துகொண்டிருக்கிற மாதிரி நிற்கிற நிலை அப்படியே இருந்தது.

டோரீன் கிட்டப் போய் நின்றாள். மூச்சு வாங்கியது. சொல்ல வேண்டுமென்று ஏழு வருஷமாக வைத்திருந்ததைச் சொன்னாள்.

"நாளைக்கு வந்துடுவேன்னு சொன்னீங்க."

றோசலின் அந்த வளர்ந்த பிள்ளையை யாரென்று தெரியாமல் ஒரு கணம் பார்த்தாள். பிறகு தெரிந்துவிட்டது. மணலில் அப்படியே உட்கார்ந்து, டோரீனின் கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாகத் தடவிக்கொண்டே அழுதாள். அன்றைக்குச் சன்னல் கம்பியிலிருந்து பிரித்துவிட்ட விரல்களை அவளும் மறந்திருக்கவில்லை. டோரீனும் அழுதாள். இவ்வளவு நாளும் கோபம் என்று நினைத்திருந்தது ஏக்கம்தான் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது.

ஐவி வந்து சேர்ந்தபோது கட்டிப்பிடித்து அழவெல்லாம் இல்லை. முதலில் திட்டினாள். அறிவிருக்கா உனக்கு, ரெண்டு நாளா எங்க நிக்கிற என்று பிடித்துக்கொண்டாள். நீ எங்கக்கா நின்ன என்று றோசலின் கேட்டாள். ஐவி மறுகரையைக் காட்டினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதற்கப்புறம் அவர்கள் சிரித்த சிரிப்பில் லாஞ்சிக்காரன் கூப்பாடு போடுவதை நிறுத்திவிட்டான். சாமியாரே அவனிடம் போய், கொஞ்சம் பொறு மகனே என்றார். கிடைத்த நேரத்தில் ஏழு வருஷத்தைப் பேச முடியாது. கொண்டுவந்த தேயிலையை ஐவி கொடுத்தாள். றோசலின் பையிலிருந்து டோரீனுக்கு ஒரு பாவாடை எடுத்தாள். ஐந்து வயதுப் பிள்ளைக்குத்தான் அது அளவாக இருக்கும். அதைப் பார்த்து மறுபடியும் ஒரு மூச்சு அழுதார்கள். எங்க காம்பராவுல இப்ப யாருக்கா இருக்காங்க என்று றோசலின் கேட்டதற்கு, நல்ல ஆளுங்கதான், வாசலைச் சுத்தமா வச்சிருக்காங்க என்றாள் ஐவி.

லாஞ்சி ஏறும்போது றோசலின் டோரீனின் தலையைத் தடவி, அடுத்த வருசம் சித்தி என்று தொடங்கினாள். டோரீன் அவள் வாயைக் கையால் பொத்தினாள்.

"சொல்லாதீங்க சித்தி. வந்துட்டுச் சொல்லுங்க."

திரும்பி வந்த அன்று மாலையில், மலை றோட்டில் நாலு பேரும் ஏறிவருவதைக் கண்டதும் லயமே வாசலுக்கு வந்துவிட்டது. நம்ப முடியாமல் சிலர் கிட்ட வந்து தொட்டுப் பார்த்தார்கள். சின்னராசா மரக்கறித் தோட்டத்திலிருந்து மண்வெட்டியோடு மெதுவாக நழுவினான். இரண்டு பாத்தி போஞ்சி போட்டிருந்தான், அந்த வருஷம் அது ஐவிக்கே காய்த்தது. ஐவி காம்பராவைத் திறந்து, சொன்னபடியே அடுப்பைப் பற்ற வைத்தாள். வாசலில் அம்மியைக் காணவில்லை. குழவியையும் காணவில்லை.

அவள் யாரையும் கேட்கவில்லை. தேங்காயைத் துருவி, மிளகாயையும் உப்பையும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு நேராக மீனம்மாவின் வாசலுக்குப் போனாள். அம்மி அங்கேதான் இருந்தது, கழுவிச் சுத்தமாக. ஐவி உட்கார்ந்து சம்பல் அரைத்தாள். மீனம்மா நிலைப்படியில் நின்று தலையில் கைவைத்துக்கொண்டாள். அரைத்து முடித்து, ஒரு உருண்டையை உருட்டி அவள் கையில் வைத்துவிட்டு ஐவி சொன்னாள்.

"சொன்னேன்ல."

மறுநாள் பெரட்டில் கண்டாக்கு அவளைப் பார்த்துவிட்டு, கப்பலுக்குப் போனவங்க வந்துட்டாங்களா என்றார். கப்பல்ல போனதும் உண்மைங்கய்யா, வந்ததும் உண்மைங்கய்யா என்று சொல்லிவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு மேற்கு மலைப் பக்கமாகத் திரும்பி நின்றாள். அன்றைக்கு வேலை கிழக்கு மலையில் இருந்தது. கண்டாக்கு கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, மேற்கே போங்க என்றார்.

அடுத்த வருஷம் மாசியில், செபமாலை முடிந்ததும், லோரன்ஸ் தானாகவே பேச்சை எடுத்தான். வாக்கு நிற்கிறது, இந்தத் தடவை கார்னிவல்தான், அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று மகளிடம் சொன்னான். டோரீன் எழுந்துபோய்த் தண்ணீர்க் கேனைத் தேடி எடுத்துக் கழுவினாள். தீவில் குடிக்கத் தண்ணீர் இல்லையென்பது அவளுக்கு ஞாபகமிருந்தது. ராட்டினம் எங்கேயும் போகாதுங்கப்பா, அது சொன்னா வரும் என்றாள்.

இந்தத் தடவை தீவில் ஏமாறுவதற்கில்லை என்று ஏற்பாடெல்லாம் அவளே செய்தாள். அம்மா நம்ம லாஞ்சிப் பக்கம் நிற்க வேண்டும், அசையக் கூடாது. டோரீன் இந்தியாப் படகுப் பக்கம். ஐவி முதல் தடவையாக, இன்ன இடத்தில் நில் என்று ஒருவர் சொல்லி அந்த இடத்தில் நின்றாள்.

மூன்றாவது படகில் றோசலின் இருந்தாள். படகு தரை தட்டுவதற்கு முன்பே இடுப்பளவு தண்ணீரில் குதித்து, சேலை நனைய நடந்துவந்து, கரையில் நின்ற பிள்ளையின் எதிரில் நின்றாள். ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னாள்.

"வந்துட்டேன்."